கடலில் முளைத்த கல்யாணத் தீவு

கப்பல்காரர்கள்கூடப் பேர் வைக்காத ஒரு கீழைக் கடலில், முன்னொரு காலத்தில், ஒரு நெருப்பு மலை குடியிருந்தது. சின்னவர்களே, சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களே, எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது அந்த மலையைச் சுற்றி வாழ்ந்த மூன்று தீவுக்காரர்களின் கதை. அவர்கள் நடத்திய ஒரு கல்யாணத்தின் கதையும்கூட.

அந்த மலை நடுக்கடலில் நேராக எழும்பி நின்றது. அதன் உச்சியில் ஒரு பெரிய வாய். வாயிலிருந்து எப்போதும் புகை வந்துகொண்டிருக்கும். சில நாள் வெள்ளைப் புகை, சில நாள் கறுப்புப் புகை, கோபம் வந்தால் சிவப்புப் பொறி. அதை யாரும் மலை என்று சொல்வதில்லை. "பெரியவர்" என்றுதான் சொல்வார்கள். காலையில் புகை கிளம்பினால், "பெரியவர் அடுப்பு மூட்டிவிட்டார், நாமும் மூட்டுவோம்" என்று பெண்கள் எழுந்துகொள்வார்கள்.

பெரியவருக்குக் கிழக்கே சுனைத்தீவு. மேகங்கள் அதன் பாறைகளில்தான் வந்து முட்டும். பாறை இடுக்கெல்லாம் இனிப்பான ஊற்று. ஆனால் மண் கிடையாது. ஒரு முருங்கைக் கிளை நட்டாலும் வேர் பிடிக்காது.

வடக்கே தோணித்தீவு. அங்கே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மரங்கள். அந்த ஊர்க்காரர்கள் தோணி கட்டினால் ஒரு சொட்டு நீர் உள்ளே வராது. ஆனால் கிணறு தோண்டினால் கந்தக வாடையோடு வெந்நீர் பொங்கும். குளிக்கலாம், குடிக்க முடியாது.

மேற்கே கிழங்குத்தீவு. காற்று பெரியவரின் சாம்பலை அந்தப் பக்கம்தான் கொண்டுபோய்க் கொட்டும். சாம்பல் விழுந்த மண்ணில் வள்ளிக்கிழங்கு ஆள் தொடைப் பருமனுக்கு விளையும். ஆனால் பெய்த மழையெல்லாம் அந்தப் பொலபொலத்த மண்ணில் இறங்கி மறைந்துவிடும். தோணிக்கு ஆகிற மரமும் இல்லை.

ஆகவே சுனைத்தீவிலிருந்து தண்ணீர் போனது. தோணித்தீவிலிருந்து தோணி போனது. கிழங்குத்தீவிலிருந்து கிழங்கு போனது. யாரும் யாரிடமும் கணக்குக் கேட்டதில்லை.

சுனைத்தீவின் தலைவர் பெயர் பொறையன். பெயரில் மட்டும்தான் பொறுமை. மனிதர் மூக்கின் நுனியில் கோபத்தை வைத்திருப்பார். அவருக்கு ஒரே மகள், தாழை. தோணித்தீவுக்குத் தலைவி எழினி. அவள் மகன் வங்கன். தாழைக்கும் வங்கனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கிழங்குத்தீவின் தலைவர் கொற்றன், "விருந்து என் பொறுப்பு. ஒருவரும் எழுந்து நடக்க முடியாதபடி சாப்பாடு போடுகிறேன்" என்று தொந்தியைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது.

ஒரு நண்பகலில் பெரியவர் வயிற்றுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். மூன்று தீவுகளுக்கும் நடுவே கடல் உலைநீர் போலக் கொதித்தது. ஆவி எழும்பியது. ஆவி விலகியபோது, நேற்றுவரை மீன் நீந்திய இடத்தில் ஒரு புதுத் தீவு! கன்னங்கரேலென்று, பிறை வடிவத்தில், பிறந்த கன்றுக்குட்டி போல ஈரத்தோடு, ஆவி பறக்க நின்றது.

எல்லோருக்கும் ஒரே குதூகலம். அந்தக் குதூகலம் பொழுது சாயும்வரைதான் நீடித்தது.

"முதல் ஆவி எங்கள் பக்கம்தான் அடித்தது. என் மகளுக்குக் கடல் கொடுத்த சீதனம் அது" என்றார் பொறையன்.

"முதலில் போய்த் தொட்டது எங்கள் தோணி. தொட்டவருக்குத்தான் சொந்தம்" என்றாள் எழினி.

"அது முழுக்கச் சாம்பல். சாம்பல் எங்கே விழுந்தாலும் அது என் மண்" என்றார் கொற்றன்.

ஒரு சொல் இரண்டாகி, இரண்டு சொல் நான்காகியது. கடைசியில் பொறையன் தண்ணீரை நிறுத்தினார். எழினி தோணியை நிறுத்தினாள். கொற்றன் கிழங்கை நிறுத்தினார். கல்யாணம் தானாக நின்றுபோனது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கிழங்குத்தீவில் கிழங்கு மலையாகக் குவிந்து அழுகியது. அவித்துத் தின்னத் தண்ணீர் இல்லை. சுனைத்தீவில் குடம் குடமாக நீர் நிறைந்திருந்தது. அதைக் குடித்தே பிள்ளைகள் பசியாறப் பார்த்தார்கள். ஓட்டையான தோணிகளை அடைக்க ஆளில்லாமல் மீனும் பிடிக்க முடியவில்லை. தோணித்தீவிலோ கந்தக நீரை ஆற வைத்துக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

ஒரு விடியற்காலையில் வங்கன் தனியே தோணி ஓட்டிச் சுனைத்தீவுக் கரைக்கு வந்தான். உதடெல்லாம் வெடித்திருந்தது. தாழை ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் செம்பை வாங்கினான். ஆனால் குடிக்கவில்லை.

"எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைகள் வறண்ட நாக்கோடு அழுகிறார்கள், தாழை. நான் மட்டும் எப்படிக் குடிப்பேன்?"

"குடியுங்கள். உங்களுக்குத் தெம்பு இருந்தால்தானே குடங்களை ஏற்றிக்கொண்டு போக முடியும்? அப்பா எழுந்திருக்கும் முன் நானே நிரப்பித் தருகிறேன்" என்றாள் தாழை.

குடங்கள் ஏறிய பிறகு, வங்கன் மடியிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்துக் கொடுத்தான். "சண்டைக்குக் காரணமான தீவில் எடுத்தது. உனக்குக் காட்டலாம் என்று கொண்டுவந்தேன். அந்தத் தீவின் மேற்கு முனையில் நீர்க்காகங்கள் உட்காரும் ஒரு மேடு இருந்தது, பார்த்திருக்கிறாயா? இன்று வரும்போது மேட்டையே காணோம்."

தாழை கல்லைக் கையில் வாங்கினாள். இறகு போலக் கனமே இல்லை. உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. ஏதோ தோன்ற, அதைக் குடத்து நீரில் போட்டாள். கல் மிதந்தது!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் நீரும் வந்தது. "மிதக்கிற கல்லுக்காகவா நாம் பசியிலும் தாகத்திலும் சாகிறோம்?"

அன்றே அப்பாவிடம் கல்லைக் கொண்டுபோய்க் காட்டினாள். "அப்பா, அந்தத் தீவு நிலைக்காது. அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. இந்தக் கல்லைப் பாருங்கள், மிதக்கிறது."

பொறையன் கல்லை முறைத்தார். "யார் கொடுத்த கல்? தோணித்தீவுக்காரன் கொடுத்த கல் மிதக்கத்தான் செய்யும்! அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே" என்று தூக்கி எறிந்தார்.

இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று தாழைக்கு விளங்கியது. மூன்று தலைவர்களுக்கும் ஆள் அனுப்பினாள். "என் கல்யாணம் புதுத் தீவில்தான் நடக்கும். ஆளுக்கொரு பந்தல்கால் நடுங்கள். மாலை மாற்றி முடியும்வரை யார் நட்ட கால் நிற்கிறதோ, தீவு அவருக்கு. ஆனால் விருந்துக்குத் தண்ணீர் வேண்டும், கிழங்கு வேண்டும், ஆட்களை ஏற்றிவரத் தோணி வேண்டும். அதற்குத் தடை போடுகிறவர் போட்டியிலேயே இல்லை."

மூன்று பேரும் யோசித்தார்கள். மூன்று பேருக்கும் தன் கால்தான் நிற்கும் என்று நிச்சயம். மூன்று பேரும் சரி என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தையில் மூன்று தீவிலும் அடுப்பு எரிந்தது! தண்ணீர்க் குடங்கள் மேற்கேயும் வடக்கேயும் போயின. கிழங்குக் கூடைகள் கிழக்கே வந்தன. தச்சர்கள் ஓட்டைத் தோணிகளை அடைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் கிழங்கைக் கடித்துத் தண்ணீர் குடித்து ஏப்பம் விட்டார்கள்.

கல்யாண நாளும் வந்தது. மூன்று தீவுத் தோணிகளும் பூக்கட்டிப் புதுத் தீவைச் சூழ்ந்து நின்றன. தாழை எழுந்து நின்று கண்டிப்பாகச் சொன்னாள்: "கால் நடுகிறவர்கள் மட்டும் இறங்குங்கள். பந்தல் போட்டு முடியும்வரை மற்றவர் ஒருவரும் தோணியை விட்டு இறங்கக் கூடாது."

பொறையன் தீவின் நடு மேட்டுக்குப் போனார். உயரமான இடம், உறுதியான இடம் என்று நினைத்தார். காலை நட்டு, மீசையை முறுக்கித் திரும்பினார். பின்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம். மரம் அடியிலிருந்து புகைந்தது. "தண்ணீர்! தண்ணீர்!" என்று கத்தினார். ஊற்றிய தண்ணீர் ஆவியாகி அவர் முகத்திலேயே அடித்தது. கால் கொள்ளிக்கட்டையாக நின்று எரிந்தது.

கொற்றன் சிரித்துக்கொண்டே போய், தனக்குப் பழகிய பொலபொலத்த சாம்பலில் காலை நட்டார். அது அழகாக நின்றது. மாவிலைத் தோரணமும் கட்டினார். பிறகு அது மெதுவாக இறங்கியது. முழங்கால் உயரம் இறங்கியது, இடுப்பு உயரம் இறங்கியது, கடைசியில் மாவிலை மட்டும் தரையில் முளைத்த செடி மாதிரித் தெரிந்தது. கொற்றன் அதைப் பிடித்து இழுத்தார். மாவிலைதான் கையில் வந்தது.

எழினி இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டினாள். கரையோரம் ஒரு பெரிய பாறையைத் தேர்ந்து, அதன் பிளவில் காலைச் செருகி, பக்கத்திலேயே ஜம்மென்று உட்கார்ந்துகொண்டாள். கால் அசையவே இல்லை. ஆனால் ஒரு அலை வந்தது. பாறை அசைந்தது. அடுத்த அலையில் பாறையே பெயர்ந்து, பந்தல்காலோடும் தலைவியோடும் கடலில் மிதக்கத் தொடங்கியது!

"அம்மா எங்கே போகிறீர்கள்?" என்று வங்கன் கூவினான்.

"எனக்கென்னடா தெரியும்! பாறையைக் கேள்!" என்றாள் எழினி.

தோணிகளில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரியவர் கடகடவென்று உறுமினார். தீவு நடுங்கியது. ஓரம் ஓரமாகச் சரிந்து கடலுக்குள் போனது. பொறையன் நின்ற மேடு பிளந்தது. அவர் இடுப்பளவு நீரில் தடுமாறினார். அவருக்கு நீச்சலும் தெரியாது. ஊற்றுக்கரையில் வளர்ந்தவர் அல்லவா?

கொற்றன் நினைத்திருந்தால் தன் தோணிக்கு ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. திரும்பி வந்து, பொறையனைக் கிழங்கு மூட்டை போலத் தோளில் தூக்கினார். "விடுமையா, நீர் ஏன் சாகிறீர்?" என்று கத்தினார் பொறையன். "பேசாமல் வாரும்! மூட்டை பேசி நான் கேட்டதில்லை" என்றார் கொற்றன். மிதக்கும் பாறைமேலிருந்த எழினி, பந்தலுக்கு வைத்திருந்த கொடிக்கயிற்றைச் சுழற்றி அவர்கள் பக்கம் வீசினாள்.

தாழை உரக்கக் கூவினாள்: "தோணிகளைச் சேருங்கள்! ஒன்றோடொன்று கட்டுங்கள்! தனித்தனியாக நின்றால் அலை கவிழ்த்துவிடும்!"

சுனைத்தீவுத் தோணியைத் தோணித்தீவுக்காரன் கட்டினான். தோணித்தீவுத் தோணியைக் கிழங்குத்தீவுக்காரி கட்டினாள். யார் தோணி, யார் கயிறு என்று பார்க்க நேரமில்லை. வங்கன் குதித்து நீந்திக் கயிற்று முனையைப் பிடித்து வந்தான். அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தார்கள். பொறையன் வந்தார், கொற்றன் வந்தார், கடைசியில் எழினியும் தன் பந்தல்காலை விடாமல் கட்டிப்பிடித்தபடி வந்து சேர்ந்தாள்.

அலை ஓய்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. புதுத் தீவு இருந்த இடத்தில் வெள்ளை நுரை மட்டும் சுழன்றது.

அப்போது, கடலில் விழுந்த கிழங்குக் கூடை ஒன்று மெல்ல மிதந்து வந்தது. ஒரு பெண் எடுத்துப் பார்த்தாள். தீவு மூழ்கிய இடத்தில் கொதித்த கடல் கிழங்கையெல்லாம் பதமாக அவித்து, உப்பும் போட்டு அனுப்பியிருந்தது!

"பெரியவர் விருந்து அனுப்பியிருக்கிறார்!" என்று அவள் கூவ, முதலில் சிரித்தவர் பொறையன்தான். மீசையிலிருந்து உப்புநீர் சொட்டச் சொட்டச் சிரித்தார்.

"அப்பா, கல்யாணத்தை எங்கே வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டாள் தாழை.

பொறையன் சுற்றிலும் பார்த்தார். கட்டிய தோணிகள் ஒரே தளமாக அசைந்துகொண்டிருந்தன. "இங்கேயேதான். இதைவிடக் கெட்டியான இடம் இந்தக் கடலில் எங்கே இருக்கிறது?" என்றார். பிறகு எழினி பக்கம் திரும்பினார். "சம்பந்தியம்மா, பச்சைப்பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரை நிறுத்தினேன். என்னை மன்னிக்க வேண்டும்."

"நானும்தான் தோணியை நிறுத்தினேன், அண்ணா. விடுங்கள், கல்யாண வேலையைப் பார்ப்போம்" என்றாள் எழினி.

"நானும்..." என்று வாயெடுத்த கொற்றனின் வாயில் பொறையன் ஒரு துண்டுக் கிழங்கைத் திணித்தார்.

எழினி கொண்டுவந்த ஒற்றைக் காலைத் தோணிகளின் நடுவே நிறுத்தினார்கள். துடுப்புகளை அதனோடு சேர்த்துக் கட்டி, பாய்களை மேலே விரித்தார்கள். பறை முழங்கியது. தாழையும் வங்கனும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அந்த நேரம் பெரியவரும் உச்சியிலிருந்து சிவப்புப் பொறிகளை அள்ளி வீசினார். குழந்தைகள் கைகொட்டி ஆடியதில் தோணிகள் எல்லாம் தொட்டில் போல ஆடின.

விருந்து முடிந்தது. வீடு திரும்ப வேண்டிய நேரம். ஆனால் கட்டிய கயிற்றை முதலில் அவிழ்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. "நீங்கள் அவிழுங்கள்", "இல்லை, நீங்கள் அவிழுங்கள்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கட்டை அவிழ்க்காமலே அத்தனை தோணிகளும் ஒன்றாகத் துடுப்புப் போட்டன. முதலில் கிழங்குத்தீவுக்குப் போய்க் கொற்றனின் ஆட்களை இறக்கின. பிறகு சுனைத்தீவுக்குப் போயின. அதன்பின் மணமக்களோடு தோணித்தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. வழியெல்லாம் ஒரே பாட்டு.

ஆகையால், கேட்டுக்கொண்டிருக்கிற நல்லவர்களே, நிலைக்காத நிலத்துக்காக நிலைத்த உறவை முறித்துக்கொள்ளக் கூடாது.