சும்மா பேசுவதற்கு ஒரு ஏற்பாட்டுக் குழு

இதை எனக்கு முதலில் சொன்னது பிலோமினா. போன வருஷம் அக்டோபரில், வீட்டுக்கு வீடு ஜெபமாலை சொல்லும் நாட்களில், எங்கள் வீட்டு முறை முடிந்து எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். பொய் சொல்கிற பெண் இல்லை அவள். கதையில் வருகிற முட்டாள்களில் ஒருவர் அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து என்பதால், கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே போனால் செங்கோடம்புதூர் என்று ஓர் ஊர். மண் தரையில் வட்டம் வட்டமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பந்தயத்துக்கு அந்த ஊரில் ஓர் அணி உண்டு. அணியில் ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர், மருதாசலம். மற்ற மூன்று பேரும் அவர் கிளப்பிவிடும் புழுதியைத் தின்றுவிட்டு வீடு திரும்புகிறவர்கள்.

அணிக்கு ஒரு ரசிகர் மன்றம். அறுபது பேர். தலைவர் சென்னியப்பன், செயலாளர் நம் சவரிமுத்து, கொள்கை பரப்புச் செயலாளர் நாச்சிமுத்து. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பரப்புவதற்கு என்ன கொள்கை இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களையே இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் பந்தயமெல்லாம் முடிந்தது. கடைசிப் பந்தயத்தில் மருதாசலத்துக்குக் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஓசூர் அணிக்காரர்கள் அவரைத் தங்களுக்கு ஓட்ட வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். மனுஷனுக்கு ஊரை விட மனசில்லை. சென்னியப்பனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நம்ம ஒர்க்‌ஷாப்புல சும்மா உக்காந்து பேசுவோமுங்க. பதினொண்ணரைக்கு ஓசூருக்குப் பதில் சொல்லோணும். இருக்கறதா போறதான்னு நீங்க எல்லாம் மனசுல பட்டதைச் சொல்லுங்க. கேட்டுப்போட்டுத்தான் முடிவு பண்ணுவேன். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், மாலை வேண்டாம், வரவேற்புரை வேண்டாம். நான் வந்தா ஒருத்தரும் எந்திரிச்சு நிக்க வேண்டாம்."

"அப்படியே செஞ்சறலாம் தம்பி. ஒண்ணு கொறையாது," என்றார் சென்னியப்பன்.

மருதாசலம் போய்விட்டால் அடுத்த வருஷம் அந்த அணி பந்தயத் திடலுக்குத் தண்ணீர் தெளிக்கத்தான் லாயக்கு. இது அறுபது பேருக்கும் தெரியும். அதனால் அன்றைக்குச் சாயங்காலமே மன்றத்தைக் கூட்டினார்கள்.

"ஏனுங்க செயலாளரே, சும்மா பேசறதுன்னா எப்படிங்க?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"சும்மான்னா சும்மாதானுங்க தலைவரே," என்றார் சவரிமுத்து.

"அது தெரியுது. அதை யாரு ஏற்பாடு பண்றது?"

யாரும் ஒன்றும் பண்ணாமல் இருந்தால் அது தன்னால் நடந்துவிடும் என்று அறுபது தலையில் ஒரு தலைக்கும் எட்டவில்லை. 'சும்மா பேசும் ஏற்பாட்டுக் குழு' என்று ஏழு பேரைப் போட்டு, கைதட்டி நிறைவேற்றினார்கள்.

குழு மேடையிலிருந்து வேலையைத் தொடங்கியது. மேடை இல்லை என்பது வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? 'இங்கு மேடை கிடையாது' என்று பெரிய எழுத்தில் ஃபிளெக்ஸ் அடித்தார்கள். தரையில் கட்டினால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று ஒர்க்‌ஷாப் முற்றத்தில் எட்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பலகை பரப்பி, அதில் கம்பு நட்டுக் கட்டினார்கள்.

தலைவர் தள்ளி நின்று பார்த்தார். "இது மேடையாட்டம் இருக்குதே."

"மேடை இல்லைன்னு மேலேயே எழுதியிருக்குதுங்களே," என்றார் நாச்சிமுத்து.

தலைவர் இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆமா," என்றார்.

மாலை கூடாது என்றால் எந்த மாதிரி மாலை என்று சனங்களுக்குத் தெரிய வேண்டாமா? மாதிரிக்கு ஒரு ஆளுயர ரோஜா மாலையை வாங்கிக் கேட்டில் தொங்கவிட்டார்கள். மைக் கிடையாது என்பதைக் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து, "இன்றைய கூட்டத்தில் ஒலிபெருக்கி கிடையாது, கிடையாது" என்று ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே அலறினார்கள்.

கூட்டம் இருப்பதே தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. கேட்டில் தொங்குகிற மாலையைப் பார்த்துவிட்டு, நாமும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று மாலையும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். நாச்சிமுத்து அவர்களை விரட்டி விரட்டிக் களைத்துப்போய், பத்து மணி அடிப்பதற்குள் கேட்டை உள்பக்கம் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நடு வரிசையில் போய் உட்கார்ந்தார். எந்திரிக்கக் கூடாது என்ற சட்டம் சரியாகப் பத்து மணிக்கு அமலுக்கு வரும் என்று குழு முடிவு செய்திருந்தது.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு மருதாசலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். மாவுக்கட்டுக் காலோடு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அறுபது பேரும் அவரைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்கள். ஒருவர்கூட நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அண்ணா, கேட்டைத் தெறங்க."

"எப்படீங்க தம்பி? ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றார் சென்னியப்பன்.

"அது எனக்கு மரியாதை பண்றதுக்குங்க. இது கேட்டுக்கு."

இது புதுப் பிரச்சனை. கேட்டுக்காக எழுந்தால் அது கேட்டுக்கு எழுந்ததா, கேட்டுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு எழுந்ததா? குழு உட்கார்ந்த மேனிக்கே விவாதித்தது. அரை மணி நேரம் ஆயிற்று. கேட்டுக்கு எழுந்தாலும் பார்க்கிறவன் கண்ணுக்கு மருதாசலத்துக்கு எழுந்த மாதிரிதான் தெரியும், அது அவர் மனசை நோகடிக்கும் என்று தீர்ப்பாயிற்று.

அந்தச் சமயத்தில் மாதா கோயிலில் பூசை முடிந்து குடையோடு வந்த பிலோமினா, மாவுக்கட்டுக் காலோடு ஒருவர் வெயிலில் நிற்பதைப் பார்த்து, குடையை அவர் தலைக்குப் பிடித்தாள். பூசைக்கு வராமல் புருஷன் உள்ளே உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள்.

"ஏனுங்க, சாவியையாவது தூக்கி வீசுங்க. நான் தெறந்துக்கறேன்."

அது எல்லாருக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. நாச்சிமுத்து பையிலிருந்து சாவியை எடுத்து, உட்கார்ந்தபடியே கையை ஓங்கி வீசினார். சாவி கேட்டுக்குப் போகாமல் ஃபிளெக்ஸில் பட்டு, கீழே பலகை மேல் விழுந்தது.

முன் வரிசையில் இருந்தவர் கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அவர் நீட்டவும் செய்தார். தலைவர் தடுத்தார்.

"எங்க கை வெக்கறீங்க?"

"மேடைல விழுந்த சாவிங்க தலைவரே."

"மேடைதான் இல்லையே. இல்லாத மேடைல சாவி எப்படி விழுகும்?"

அந்த மனுஷன் ஃபிளெக்ஸைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் சாவி எங்கே விழுந்திருக்கும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினார்கள். வெயிலில் அது மின்னிக்கொண்டு கிடந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்தது என்றாள் பிலோமினா.

மணி பதினொன்று இருபது. மருதாசலத்துக்கு இன்னும் பொறுமை போகவில்லை. நல்ல தாய் பெற்ற பிள்ளை.

"அண்ணா, கேட்டை விடுங்க. அங்க உக்காந்தே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

அறுபது பேரும் வாயைத் திறந்தார்கள். சென்னியப்பன் கையைக் காட்டி அடக்கினார்.

"அது கூட்டத்துல பேச வேண்டிய விஷயமுங்க தம்பி. நீங்க உள்ள வந்து உக்காந்தாத்தான் கூட்டம். அதுக்கு முந்தி என்ன பேசினாலும் அது வரவேற்புரைல சேந்துரும். நீங்கதான் வேண்டாம்னீங்க."

பிலோமினாவுக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, 'இருங்க தம்பி'ன்னு நீங்களாவது சொல்லுங்க. ரெண்டே வார்த்தைங்க."

சவரிமுத்துவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். மருதாசலம் என்றால் அவருக்கு உயிர்; தன் சொந்தக் கல்யாண நாள் மறந்துபோகும், மருதாசலம் ஜெயித்த தேதி ஒன்றும் மறக்காது. "சொல்லோணும்னுதான் இருக்குது பிலோமி. வரவேற்புரை ஆயிடுமே," என்று விம்மினார்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. மருதாசலம் ஒரு தடவை உள்ளே பார்த்தார். அறுபது பேரும் முதுகை நிமிர்த்தி, வாயை மூடி, ஏற்பாடு எப்படி என்கிற மாதிரி அவரைப் பார்த்தார்கள்.

"சரிங்க. ஓசூருக்கே ஓட்டறேனுங்க," என்று போனில் சொல்லிவிட்டு, பிலோமினாவுக்கு ஒரு கும்பிடு போட்டு, ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

உள்ளே நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார். "தலைவரே, நாம பேசறதைக் கேட்டுப்போட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னு சொன்னாருங்களே. நாம இன்னும் பேசவே இல்லையே."

"ஆமா, பேசலையே."

"அப்ப அவரு இன்னும் முடிவு பண்ணலீங்க."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாம வாயைத் தெறக்காத வரைக்கும் அவரு நம்ம ஆளுதான்." இதையும் கைதட்டி நிறைவேற்றினார்கள். மூன்று மணிக்கு மழை வந்தது. அப்போது மட்டும் ஒருவரும் யாரையும் கேட்கவில்லை. அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஷெட்டுக்குள் ஓடினார்கள்.

அடுத்த வருஷம் மருதாசலம் ஓசூர்க்காரர்களின் சிவப்புச் சட்டையோடு வந்து, செங்கோடம்புதூர் ஆட்களை ஒரு வட்டம் பின்னால் விட்டுவிட்டு ஜெயித்தார். மன்றம் வரிசையாக உட்கார்ந்து, நம்ம ஆள் ஜெயித்தார் என்று பூரித்துப்போய், சத்தம் வராமல் கைதட்டியது. பந்தயம் முடிந்து அவரே கிட்ட வந்து, "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாராம். அறுபது பேரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

சவரிமுத்து அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார். வெளியில் எதைச் சொன்னாலும் அது எப்படியாவது மருதாசலம் காதுக்குப் போய், அவர் முடிவு பண்ணிவிடுவார் என்று பயந்து வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டார். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறார். உறவுக்காரர் சாவுக்குப் போனால் செத்தவரைப் பார்க்கிறார், மற்றவர்களைப் பார்க்கிறார், உட்காருகிறார், வருகிறார்.

நான் மனசு கேட்காமல், "ஏம்மா, அவரு மறுபடி பேசறதுக்காக ஜெபமாலைல இன்னொரு பத்து மணி சேர்த்து உருட்டுவோமா?" என்று கேட்டேன்.

பிலோமினா சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "அய்யோ வேண்டாங்க்கா. இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் வீடு வீடாட்டம் இருக்குது."

அதனால், பல்லடம் சந்தையில் சவரிமுத்துவை எங்காவது பார்த்தீர்களானால், அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.