ஆயிரத்து நானூற்றுக்கு மேல் போகாது

தலையாட்டிபுரத்துக்காரர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஊர்க் கால்நடைப் பதிவு அலுவலகத்தில் மூன்று பேர். கண்காணிப்பாளர் தில்லைவில்லாளன், எழுத்தர் அருளப்பன், தட்டச்சர் இலஞ்சியம். மூன்று பேரும் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். பிரச்சினையே அதுதான்.

இலஞ்சியத்தின் கணவர் அழகர்வேலுக்கு எண்பது கிலோமீட்டர் தள்ளி மேலக்கோட்டத்தில், தலைமை அலுவலகத்தில், தபால் வாங்குகிற மேசையில் வேலை. மூன்று வருஷமாக ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு சமையல். ஒருவழியாக இலஞ்சியத்துக்கும் அங்கேயே மாறுதல் கிடைத்தது. உத்தரவு தலைமை அலுவலகத்து மெயின்பிரேமில், அதாவது ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய கம்ப்யூட்டரில், தயாராக இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் இங்கே அச்சாகி அவர் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

காலையிலிருந்து வரவில்லை. "வணக்கம்" வந்தது. "உத்தரவு கிடைத்ததா?" வந்தது. மூன்று பக்க உத்தரவு மட்டும் வரவில்லை. திரை அப்படியே நின்றது.

மூன்று மணிக்குத் தலைமை அலுவலகப் பொறியாளர் வெண்ணிலா போன் செய்தார்.

"சார், நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு தடவைக்கு ஆயிரத்து நானூறு பைட்டுக்கு மேல போகாது. சின்னது வந்துடும், பெருசு நின்னுடும். உங்க கம்ப்யூட்டர்ல பாக்கெட் அளவு, அதான் ஒரு துண்டோட அளவு, அதிகபட்சம் ஆயிரத்து ஐநூறுன்னு இருக்கும். அதை ஆயிரத்து நானூறா மாத்துங்க. மெயின்பிரேம் அதைப் பாத்துட்டுத் துண்டு துண்டா அனுப்பும்."

"பைட்டுன்னா?" என்றார் தில்லைவில்லாளன்.

"ஒரு எழுத்துன்னு வெச்சுக்குங்க சார்."

இலஞ்சியம் போனை வாங்கினார். "துண்டு எதாவது வழியில தொலைஞ்சு போச்சுன்னா மேடம்?"

"ஒண்ணு வந்ததும் வாங்கற பக்கம் 'கிடைச்சுது'ன்னு சொல்லும். சொல்லலைன்னா அதையே மறுபடி அனுப்பிடும். கவலைப்படாதீங்க."

இலஞ்சியம் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதாமலே இருந்திருக்கலாம்.

அளவை மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அருளப்பன் விரலை எண் மேல் வைத்துவிட்டு நிறுத்தினார்.

"சார், நூறு குறைக்கிறோம். அந்த நூறை எங்க வைக்கிறது?"

தில்லைவில்லாளன் கண்ணாடியைக் கழற்றினார். "அரசாங்கச் சொத்து. குப்பையில போட முடியாது."

"பீரோல?"

"பீரோ நெறைய மாட்டுக் காது வில்லை இருக்கே."

"அதை ஜன்னல்ல அடுக்கிட்டா இடம் கெடைக்கும் சார். நூறுதானே."

பீரோவைக் காலி செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அருளப்பன் புது எண்ணை அடிக்கும்போது இலஞ்சியம் பீரோ கதவைத் திறந்து பிடித்தார். தில்லைவில்லாளன் கையோடு பூட்டி, அரக்கு வைத்து, "பைட்டுகள் 100" என்று சீட்டு ஒட்டினார்.

வெண்ணிலா மறுபடி கூப்பிட்டார். "மாத்தியாச்சா? ஒரு வார்த்தை அனுப்புங்க, பாக்கலாம்."

"'சரி'ன்னு அனுப்பட்டுமா சார்?" என்றார் அருளப்பன்.

"அது ரெண்டே எழுத்துய்யா. நாம வெச்சிருக்கிறது ஆயிரத்து நானூறு."

"மிச்சத்தைக் காலியா அனுப்பினா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க அக்கா?"

"நிரப்பிடுவோம் தம்பி," என்றார் இலஞ்சியம். எழுநூறு "சரி" அடிப்பதென்று முடிவானது. அறுநூற்றுப் பன்னிரண்டில் அருளப்பன் தும்மினார். எண்ணிக்கை மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அது வெண்ணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே அவரிடமிருந்து போன் வந்தது.

"அதிகபட்சம்னா அதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் சார். கம்மியா இருக்கலாம். உத்தரவை அனுப்பிட்டேன், பிரிண்டரைப் பாருங்க."

நாலு ஐம்பத்தேழுக்கு மூன்று பக்கமும் வந்துவிட்டது. இலஞ்சியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதோடு முடிந்திருந்தால் நானும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: பணியில் சேர, பணிப்பதிவேடு முழுவதும் வந்து சேர வேண்டும்.

பதினாலு வருஷப் பதிவேடு. தலையணைத் தடிமன்.

"இதுல எத்தனை எழுத்து இருக்கும்?" என்றார் தில்லைவில்லாளன்.

"லட்சத்துக்கு மேல சார்."

"ரெண்டு ஊருக்கும் நடுவுல எவ்வளவு போகும்னாங்க?"

"ஆயிரத்து நானூறு."

"இதைக் கொண்டு போற பஸ் எங்க போகுது?"

அருளப்பன் முகம் வெளிறியது. "அதே ரெண்டு ஊருக்கு நடுவுலதான் சார்."

"நல்ல வேளை. அப்படியே எடுத்துட்டு ஏறியிருந்தா பஸ் பாதி வழியில நின்னிருக்கும்."

விடிய விடிய எண்ணி, கத்தரித்து, எண்பத்தாறு சீட்டாக்கினார்கள். மறுநாள் காலை இலஞ்சியம் முதல் சீட்டோடு பஸ் ஏறினார்.

அழகர்வேலும் பிறந்தது தலையாட்டிபுரம்தான். மேலக்கோட்டம் பஸ் ஸ்டாண்டில் சீட்டை வாங்கி, எண்ணிப் பார்த்து, "கிடைச்சுது" என்றார். பிறகு, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறியா?"

"அடுத்தது காத்துக்கிட்டு இருக்குங்க."

"அதுவும் சரிதான்," என்று அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

ஒரு நாளைக்கு ஒரு சீட்டு. முப்பத்தேழாவது மழையில் நனைந்துவிட்டது. அழகர்வேல் "கிடைச்சுது" சொல்லவில்லை. இலஞ்சியம் அதை ஊருக்குத் திரும்ப எடுத்துப்போய், மின்விசிறியில் காயவைத்து, மறுநாள் அதையே கொண்டுவந்தார். இந்தத் தடவை அழகர்வேல் சொன்னார்.

போன வாரம் அழகர்வேலுக்கே தாங்கவில்லை. பஸ் ஜன்னலோரம் நின்று கேட்டார்: "தினம் ஒரு நூறு எழுத்து கூடக் கொண்டு வந்தா சீக்கிரம் முடியுமேம்மா?"

"எனக்கும் ஆசைதாங்க," என்றார் இலஞ்சியம். "அந்த நூறு பீரோல இருக்கு. அரக்கு வெச்சுட்டாங்க."