மாசிலாமணி காய்ச்சிய பசை

காப்புரிமை விண்ணப்பங்களைக் குடைந்து பார்ப்பதில் மாசிலாமணிக்கு ஈடு கிடையாது. புதிது என்று யார் எதைக் கொண்டு வந்தாலும், "இது அன்னைக்கே இருக்கே" என்று எங்கிருந்தாவது ஒரு பழைய தாளைத் தோண்டி எடுத்துவிடுவார். மேலதிகாரி பொற்கொடி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணி அவரைத்தான் குருவாக வரித்திருந்தார். அதில் மனிதருக்கு வெட்கமே இல்லை.

அன்று சாத்தூர் ராக்கம்மாளின் கோப்போடு போய் நின்றார். ராக்கம்மாள் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். கரப்பான் அரிக்காத பசை ஒன்றை ஏழு வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்திருந்தார். மாசிலாமணி அதை நிராகரிக்க, ராக்கம்மாள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டார். அங்கும் தோற்றால் அந்தப் பசையை ஊரில் யார் வேண்டுமானாலும் காய்ச்சி விற்கலாம்.

"நாப்பது வருஷத்துக்கு முந்தின தாள், மேடம். மைதா, வேப்பிலை, தண்ணி. அதே சாமான். கரப்பானைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லைதான். ஆனா அந்தக் குணம் அதுக்குள்ளேயே இருக்குமே?"

"இருக்குமா? இருக்கா?"

"இல்லைன்னு அந்தம்மா நிரூபிக்கட்டும்."

"முதல்ல இருக்குன்னு நீங்க காட்டுங்க. அப்புறம் அவங்களைக் கேக்கலாம்."

மாசிலாமணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய தாளை எதிரே வைத்துக்கொண்டு தானே அடுப்படியில் நின்று பசை காய்ச்சினார். மனைவி சிரித்த சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. இரண்டு அட்டைகளை ஒட்டிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்தார். அவர் வீட்டில் கரப்பானுக்குப் பஞ்சமில்லை.

ஒரு வாரம் கழித்து அட்டையோடு ஓடி வந்தார்.

"பாருங்க மேடம்! ஒரு பல்லு படல!"

பொற்கொடி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேன்டீன் அருளப்பனைக் கூப்பிட்டுப் பழைய தாளை மட்டும் கொடுத்தார்.

"இதுல இருக்கிறபடி ஒரு கிண்ணம் காய்ச்சிக் குடுங்கண்ணே."

அருளப்பன் இரண்டு தடவை படித்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினார். அந்தப் பசையில் ஒட்டிய அட்டையும் மாசிலாமணி வீட்டுத் தொட்டிக்கடியில் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் அது சல்லடையாகத் திரும்பி வந்தது.

"அருளப்பனுக்குக் காய்ச்சத் தெரியல, மேடம்."

"தாள்ல இருக்கிறதுல எதை விட்டுட்டாரு?"

மாசிலாமணி யோசித்தார். எதையும் விடவில்லை.

"வேப்பிலையைக் கொதிக்க விட்டுட்டாரு. பசையை இறக்கி, ஆறினப்புறம்தானே போடணும்?"

"எங்க எழுதியிருக்கு?"

பழைய தாளை எடுத்தார். மொத்தமே நான்கு வரி. அதில் இல்லை. அவர் கை தானாக ராக்கம்மாளின் விண்ணப்பத்துக்குப் போய், இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, அப்படியே நின்றது. பசை ஆறிய பிறகே வேப்பிலை என்று அங்கேதான் எழுதியிருந்தது. அதை அவர் பத்துத் தடவையாவது படித்திருப்பார்.

முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பும் வந்தது. மனசு லேசானது போலிருந்தது.

"அப்ப நான் காய்ச்சினது, மேடம்?"

"ராக்கம்மாளோட பசை, சார். நல்லாவே காய்ச்சியிருக்கீங்க."