நான்கு வாசலும் வடக்கே

பேரூராட்சித் தலைவர் வன்னியநாதனுக்குக் குபேர திசையான வடக்கின் மேல் தீராத மோகம். கட்டப்போகும் வீட்டுக்கு நான்கு புறமும் வாசல் வேண்டும், நான்கும் வடக்கு பார்க்க வேண்டும் என்றார்.

"முடியலேன்னா வேலையை விட்டுப் போயிடு" என்று அலுவலகத்தில் பிளான் போடும் தற்காலிக ஊழியர் தணிகாசலத்தை மிரட்டினார்.

மறுநாளே பிளான் வந்தது. தலைவர் பூரித்துப்போய்க் கையெழுத்திட்டார்.

"மனை எங்கேய்யா?"

"தென்துருவத்துலங்க. அங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான்."

"கிண்டலா? அங்க எவன்யா குடியிருப்பான்?"

"ராகுகாலம் பார்க்காதவங்க இருக்கலாங்க. அங்க ஒரு பகலே ஆறு மாசம். அதுல எட்டுல ஒரு பங்கு ராகுகாலம்னா, இருபத்திரண்டு நாளுக்கு ஐயா வாசலைத் தாண்ட முடியாது."

அலுவலகமே சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்புகளுக்குள் குனிந்தது.

"ஒரு வாசல் போதும். நாளைக்கு வந்து வரைஞ்சு குடு" என்றார் தலைவர்.

எந்தத் திசை என்று அவர் சொல்லவில்லை. தணிகாசலமும் கேட்கவில்லை.