மூச்சு விடுதா?

"மேடம், நிமிஷத்துக்கு முப்பது தடவை காத்தைத் தள்ளுறேன். அப்பவும் ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே போகுது. இப்படியே போனா மூளை வீங்கிடும். என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

கத்தியே விட்டேன். இருபது வருஷம் குழந்தை வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பத்தொன்பது வயதில் தீவிர சிகிச்சை கற்க வந்தவன் நான். எனக்குக் கற்றுத்தரும் டாக்டர் பெர்சிஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரிடம் எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. தலையெழுத்து!

கட்டிலில் இன்பா. ஆறு வயது, கடுமையான ஆஸ்துமா. வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். அசையாமலிருக்க மருந்து போட்டிருந்தோம். மூளைக்குள் வலிப்பே வந்தாலும் அவள் உடம்பு காட்டாது.

"மூச்சை உள்ள இழுங்க," என்றார் பெர்சிஸ்.

"யாரு, நானா?"

"இழுங்க."

இழுத்தேன்.

"வெளிய விடாம இன்னொண்ணு."

இழுத்தேன்.

"இன்னொண்ணு."

நெஞ்சு அடைத்தது, விழி பிதுங்கியது. புஸ்ஸென்று விட்டுவிட்டேன்.

"விளையாடுறீங்களா? அங்க புள்ள உயிருக்குப் போராடுது!"

அவர் இன்பாவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"கண்மணி சுருங்குது. மூளை தாங்குது. இன்னும் நேரமிருக்கு."

"எதுக்கு நேரம்? நான் முப்பத்தாறா ஏத்துறேன்."

பட்டனில் கை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் இன்பாவின் அம்மா அஞ்சலை.

"சார், புள்ள மூச்சு விடுதா?"

காலையிலிருந்து பத்தாவது தடவை. எரிந்து விழப் போனேன்.

"உங்களைத்தான் கேக்குறாங்க," என்றார் பெர்சிஸ். "பார்த்துச் சொல்லுங்க."

திரையைப் பார்த்தேன். வெளியேறும் காற்றைக் காட்டும் கோடு பூஜ்யத்தைத் தொடவே இல்லை. அதற்குள் மெஷின் அடுத்த மூச்சைத் தள்ளியது. அதற்குள் அதற்கடுத்தது. பிள்ளையின் நெஞ்சு உப்பியபடியே நின்றது.

அடக் கடவுளே.

முப்பதைப் பன்னிரண்டாகக் குறைத்தேன்.

காற்று வெளியே வந்தது. மெதுவாக, நெடுநேரம்.

"கார்பன் டை ஆக்சைடு உடனே இறங்காதே மேடம். அதுவரைக்கும் மூளை?"

அவர் டார்ச்சை என் கையில் வைத்தார். ஸ்டூலைக் கட்டில் தலைமாட்டில் இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன்.

அஞ்சலை நகரவில்லை. "சார்? விடுதா?"

"இப்பத்தாம்மா விடுறா," என்றேன். "இவ்வளவு நேரமா நான்தான் விடல."