சரவெடியும் ஒரு குடம் தண்ணீரும்

கதையைக் கேட்டுவிட்டு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஹவில்தார் அழகிரி பதினேழு வருடம் எல்லையில் நின்றவர். ஓய்வுபெற்று வந்தபின் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து ஒரு நாளும் இருந்ததில்லை. மகள் தமயந்திக்குப் பள்ளிக்கூடச் சடை பின்னிவிட்டதுகூட அவர்தான்.

தீபாவளி வந்தால் குடும்பத்தோடு ஓர் ஏரிக்கரைக் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார். கூடு கட்டிய பறவைகளுக்காக அங்கே யாரும் வெடி போடுவதில்லை. “நாரை பாக்கணும்” என்பார். மனைவி வள்ளிக்கண்ணு மறுபேச்சில்லாமல் முறுக்கு டப்பா, போர்வை, ஒரு பொட்டலம் பஞ்சு எல்லாம் பையில் எடுத்து வைப்பாள்.

தமயந்திக்குப் பன்னிரண்டு வயதில், போகிற வழியில், பேருந்து நிலையத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள். அப்பாவைக் காணோம். தேடிப் போனவள், பெஞ்சுக்கு அடியில் காதைப் பொத்திச் சுருண்டு கிடந்தவரைக் கண்டாள்.

“பாப்பா, யார்கிட்டயும் சொல்லாதே. பட்டாளத்துக்காரன் பயந்தான்னு ஊர் சிரிக்கும். அம்மாவுக்கும் தெரியக் கூடாது.”

கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

போன மாதம் அழகிரி இறந்தார். மகன் குணாளன் வாசலில் சரவெடிகளைக் குவித்துவிட்டான்.

“வெடி வேண்டாம்ணா.”

“ஏன்?”

தமயந்தி சத்தியத்தை நினைத்தாள். “பறவைங்க...”

“சுடுகாட்டுல ஏதுடி பறவை? குண்டுச் சத்தத்துல நின்ன மனுஷன். ஊரே அதிர அனுப்பணும்.”

முதல் சரம் வெடித்தது. தமயந்தி ஓடிப்போய் அப்பாவின் இரு காதுகளையும் கைகளால் பொத்தினாள். மகள் முகத்தைப் பிடித்து அழுகிறாள் என்று நினைத்து எல்லாரும் அழுதார்கள்.

அப்போது வள்ளிக்கண்ணு எழுந்தாள். குளிப்பாட்டி மிச்சமிருந்த ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து, வெடிக் குவியல் மேல் கவிழ்த்தாள்.

“துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு” என்றார்கள். “புருஷனோட கடைசி மரியாதையைக் கெடுத்துட்டாளே பாவி” என்று நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டாள். அழகிரி சத்தமில்லாமல் போனார்.

மரியாதை செய்ய நினைத்த மகன், சத்தியத்தைக் காத்த மகள், தண்ணீர் ஊற்றிய மனைவி. இதில் அழகிரிக்குச் சரியானதைச் செய்தது யார்?

விடை: வள்ளிக்கண்ணு. நாரை பார்க்கப் போகிறவருக்கு எதற்குக் காதடைக்கும் பஞ்சு? அவளுக்கு முதல் தீபாவளியிலிருந்தே தெரியும். தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். குணாளனைத் திட்டாதீர்கள், அவனிடம் யார் சொன்னார்கள்? மகள் வாய் திறந்திருக்கலாமே என்பீர்கள். திறந்திருந்தால் இந்த ஊர் சிரித்திருக்காதா? செத்த பிறகும் ஒரு மனிதன் பயந்ததைச் சொல்ல முடியாத ஊரில், அவர் மானத்துக்காக வள்ளிக்கண்ணு பைத்தியக்காரி என்று பெயர் வாங்கினாள். இன்றுவரை அதை மறுத்து அவள் ஒரு சொல் சொல்லவில்லை.