பக்கத்துத் தோள்

மீரான் கனி கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிவாசலில் முன்னால் நின்று தொழுகை நடத்தும் ஹஸ்ரத்துக்கு முப்பத்தொரு வயது. அந்தச் சின்ன வயதுக்காரரிடம்தான் மீரான் கனி சீடராகப் போய்ச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஒருநாள் விடியற்கால சுபுஹு தொழுகை முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"ஹஸ்ரத், தொழுகை எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல உள்ளது. அதுல வரிசையா ஒட்டி நின்னு பக்கத்து ஆளோட தோள் உரசுறது எதுக்கு?"

"யார் தோள், காக்கா?" வயதில் மூத்தவரை ஹஸ்ரத் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்.

"சைக்கிள் கடை உதுமான். நிக்கும்போதெல்லாம் அவன் தோள் நடுங்குது. எனக்கு ஓதுறதுல மனசு நிக்க மாட்டேங்குது. நான் தூண் ஓரமா தனியா நின்னுக்கிறேனே?"

"எத்தனை நாளா நடுங்குது?"

"அஞ்சு நாளா."

"ஏன்னு கேட்டீங்களா?"

மீரான் கனி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"தூணைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல போய்க் கேட்டுட்டு வாங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் போனார். கேட்ட மாத்திரத்தில் உதுமான் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்துவிட்டு உடைந்து அழுதார்.

"துபாயில இருக்குற மவன் பேசி ஆறு நாளாச்சு, காக்கா. போன் அணைஞ்சு கெடக்கு. அவன் உம்மா நெஞ்சுவலிக்காரி. கடைக்குப் பேசினான்னு அவகிட்ட பொய் சொல்லிக்கிட்டிருக்கேன். யாருக்கும் தெரியாதே, உங்களுக்கு யார் சொன்னா?"

மீரான் கனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே நின்று, துபாயில் இருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டார்.

மாலை அஸர் தொழுகைக்குள் சேதி வந்துவிட்டது. பையன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், போன் நொறுங்கிப் போயிற்று, உயிருக்கு ஒன்றுமில்லை. அன்று அஸர் வரிசையிலும் உதுமானின் தோள் குலுங்கியது. மீரான் கனி விலகவில்லை.

அந்தி மஃரிபு தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஹஸ்ரத்திடம் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே, ஹஸ்ரத்? அதான் என்னை அனுப்புனீங்க."

ஹஸ்ரத், வரிசைகளுக்கு முன்னால் ஒற்றையாகக் கிடந்த தன் தொழுகை விரிப்பைப் பார்த்தார்.

"எனக்கு எப்படித் தெரியும், காக்கா? நான் உங்க எல்லாருக்கும் முதுகைக் காட்டித் தனியா நிக்கிறவன். என் தோள்ல யார் தோளும் படாது. நீங்களும் தூண் ஓரம் போயிட்டா எனக்கு யார் சொல்லுவா?"